தேய்ந்த பிஸ்டன் சொல்லும் கதை

காலையில் பள்ளிக்குச் செல்லும் வழியில், சாலையோரத்தில் புல் வெட்டுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதுகில் ஒரு சிறிய எஞ்சின், கையில் நீண்ட தண்டு, தண்டின் முனையில் சுழலும் கத்தி. வெட்டிய புல்லின் வாசனையோடு பெட்ரோல் புகையின் வாடையும் அவர்கள் கடந்து சென்ற பின்னர் சற்று நேரம் காற்றில் நிற்கும். வீடமைப்புப் பகுதி, பள்ளித் திடல், செம்பனைத் தோட்டம், நெடுஞ்சாலை ஓரம் என நம் நாட்டில் அந்த எஞ்சினின் ஓசை கேட்காத இடம் அரிது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் மண்ணில் புல் வளர்வது நிற்பதில்லை. ஆதலால், அதை வெட்டும் இயந்திரத்துக்கும் ஓய்வில்லை.

அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றை நம்பி வாழும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். குத்தகைக்குப் புல் வெட்டுவது அவர் தொழில். இயந்திரம் ஓடினால்தான் அவருக்கு அன்றைய வருமானம். ஒரு நாள் இயந்திரம் வலுவிழந்தது. கயிற்றைப் பலமுறை இழுத்தும் எஞ்சின் உயிர் பெறவில்லை. பட்டறையில் காட்டினார். “பிஸ்டன் தேய்ந்துவிட்டது” என்றார்கள். புதிய பிஸ்டனும் வளையங்களும் பொருத்தப்பட்டன. இயந்திரம் மீண்டும் முழங்கியது. ஆனால், சில வாரங்களில் பழைய குறையே திரும்பி வந்தது. போலிப் பொருளைப் பொருத்தி ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் எண்ணினார். சினத்தோடு வேறொரு பட்டறைக்குச் சென்றார்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “பிஸ்டன் தேய்ந்தது சரி, தம்பி. எதனால் தேய்ந்தது என்று யாராவது பார்த்தார்களா?” என்று வினவினார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கான விடையைத் தேடிச் செல்கிறது.

சிறிய எஞ்சினின் உள்ளே

முதுகில் சுமக்கும் புல்வெட்டும் இயந்திரங்கள் பலவற்றில் ‘டூ ஸ்ட்ரோக்’ எனப்படும் இருவீச்சு எஞ்சினே இருக்கிறது. பிஸ்டன் ஒரு முறை மேலே ஏறி, ஒரு முறை கீழே இறங்குவதற்குள் இதன் ஒரு சுற்று வேலை முடிந்துவிடும்.

சிலிண்டர் என்பது உள்ளே குழிவான ஓர் உருளை. அதற்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். பிஸ்டன் மேலே ஏறும்போது, தனக்கு மேலுள்ள பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை அழுத்துகிறது. அதே வேளையில், தனக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் புதிய கலவையை இழுத்துக்கொள்கிறது. பிஸ்டன் உச்சியை எட்டும் தறுவாயில் ஸ்பார்க் பிளக் தீப்பொறியை உண்டாக்குகிறது. கலவை எரிந்து, விரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலே கத்தியைச் சுழற்றும் ஆற்றலாகிறது.

சிலிண்டரின் சுவரில் சில வாயில்கள் உள்ளன. கார்புரேட்டரிலிருந்து கலவை உள்ளே வருவது உள்வாயில்; எரிந்த புகை சைலன்சருக்குச் செல்வது வெளிவாயில். இவ்வாயில்களுக்குத் தனிக் கதவுகள் இல்லை. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே இவற்றைத் திறக்கவும் மூடவும் செய்கிறது.

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காகப் பிரித்தால், அவற்றுள் சில பங்குகள்தாம் அந்த இடைவெளியின் அளவு. நம் தலைமுடி ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் என்பதை நினைவில் கொண்டால், இதன் நுட்பம் விளங்கும். இந்த இடைவெளியை அடைப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு மெல்லிய உலோக வளையங்கள். இவ்வளையங்களுக்கு இரண்டு கடமைகள் உள்ளன. ஒன்று, அழுத்தப்பட்ட வாயு கசியாமல் தடுப்பது. மற்றொன்று, பிஸ்டனில் சேரும் வெப்பத்தைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்துவது. சுவரிலிருந்து அந்த வெப்பம் சிலிண்டரின் வெளிப்புறத்தில் அடுக்கடுக்காக உள்ள தகடுகளைச் சென்றடையும். அங்கிருந்து காற்றில் கலந்துவிடும்.

ஏன் தேய்கிறது?

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்திற்கு 8,000 முறை சுழல்கிறது என்றும், பிஸ்டன் ஒரு வீச்சில் 30 மில்லிமீட்டர் தூரம் நகர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சுழற்சியில் அது மேலும் கீழுமாக 60 மில்லிமீட்டர் நகரும். அப்படியானால், ஒரு நிமிடத்தில் 480 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 28.8 கிலோமீட்டர். ஏழு மணி நேரம் ஓடினால், ஏறத்தாழ 200 கிலோமீட்டர்! கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரையிலான தூரத்தை, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பிஸ்டன் ஒரே நாளில் சுவரை உரசியபடியே ஓடி முடிக்கிறது.

இவ்வளவு தூரம் உரசியும் அது உடனே தேய்ந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம், சுவரின்மேல் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம். மோட்டார் சைக்கிள்களில் இன்று பரவலாக உள்ள நான்கு வீச்சு எஞ்சினில், எண்ணெய் தனியே அடியில் தேங்கியிருக்கும். இருவீச்சு எஞ்சினில் அவ்வாறு இல்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெய்தான் உள்ளே சென்று பிஸ்டனையும் மற்றப் பாகங்களையும் காக்கிறது. எனவே, எண்ணெய் குறைந்தாலோ, வெப்பம் மிகுந்தாலோ, தூசு நுழைந்தாலோ, கரி படிந்தாலோ அந்த மெல்லிய படலம் கிழிந்துவிடும். உலோகம் உலோகத்தை நேரடியாக உரசத் தொடங்கும்.

திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

வலுவிழந்த எஞ்சினைப் பார்த்தவுடன் பிஸ்டன்தான் காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பழைய பெட்ரோல், அழுக்கேறிய ஸ்பார்க் பிளக், அடைபட்ட காற்று வடிகட்டி, கரி அடைத்த சைலன்சர் ஆகிய ஒவ்வொன்றும் எஞ்சினைத் தளரச் செய்யும். இவற்றைச் சோதிப்பதற்குச் செலவு மிகக் குறைவு. நேரமும் அதிகம் ஆகாது. ஆகவே, எளியதை முதலில் சோதித்துவிட்டு, கடினமானதைப் பிறகு தொடுவதே நல்ல மெக்கானிக்கின் முறை.

அவை சரியாக இருந்தால், அடுத்து எஞ்சின் தரும் அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். கயிற்றை மெதுவாக இழுக்கும்போது, நல்ல எஞ்சினில் ஓரிடத்தில் கை தடைபடும். உள்ளே காற்று அழுத்தப்படுவதால் ஏற்படும் தடை அது. அந்தத் தடையே இல்லாமல் கயிறு எளிதாக வந்துவிட்டால், அழுத்தம் எங்கோ கசிகிறது என்று பொருள். காலையில் ஒருவாறு இயங்கத் தொடங்கிய எஞ்சின், சூடான பின் நிறுத்தினால் மீண்டும் இயங்க மறுப்பதும் ஓர் அறிகுறியாகும். சூட்டில் எண்ணெய் இளகிவிடுவதால், தேய்ந்த வளையங்களின் வழியே கசிவு கூடுகிறது.

இங்கு ஒன்றை மறவாதீர்கள். நான்கு வீச்சு மோட்டார் சைக்கிளிலிருந்து நீலநிறப் புகை வந்தால், எண்ணெய் எரிகிறது என்று ஐயுறலாம். வளையத் தேய்வு அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். இருவீச்சு எஞ்சினிலோ எண்ணெய் எப்போதும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. ஆகவே, புகையை மட்டும் கொண்டு தேய்வை உறுதிப்படுத்த முடியாது.

உறுதிப்படுத்த ஒரு கருவி தேவை. அது அழுத்தமானி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் அழுத்தமானியைத் திருகிப் பொருத்துவார்கள். எஞ்சின் நிறுத்தியை அணைத்த நிலையில் வைத்து, விசைக் கட்டுப்பாட்டை முழுமையாகத் திறந்து, முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றைப் பலமுறை இழுப்பார்கள். நல்ல நிலையிலுள்ள சிறிய இருவீச்சு எஞ்சின்கள் பலவற்றில் முள் 120 பி.எஸ்.ஐ. அளவைத் தாண்டும். 90 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கீழே இருந்தால், எஞ்சின் இயங்கத் தடுமாறும். சரியான அளவை அந்தந்த இயந்திரத்தின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அழுத்தம் குறைவாக இருந்தால், ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சில துளி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். இப்போது முள் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தால், வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது என்று அறியலாம். ஊற்றிய எண்ணெய் தேய்ந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததே இந்த உயர்வுக்குக் காரணம். முள் அசையவில்லை என்றால், கசிவு வேறு எங்கேனும் இருக்கலாம்.

இனி, சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிவாயிலின் உள்ளே விளக்கொளியைப் பாய்ச்சலாம். கயிற்றை மெல்ல இழுத்தால், பிஸ்டனின் பக்கவாட்டும் வளையங்களும் அந்தச் சன்னல் வழியே கண்ணுக்குத் தெரியும். பிஸ்டனின் பக்கவாட்டு வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடினால், சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பிஸ்டனில் பதிந்த தடயங்கள்

கழற்றிய பிஸ்டனைத் துணியால் உடனே துடைத்துவிடக் கூடாது. காவல் துறையினர் தடயங்களைக் கலைக்காமல் ஆராய்வதைப் போல, முதலில் அதை அப்படியே பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் உள்வாயிலை நோக்கியிருந்தது, எந்தப் பக்கம் வெளிவாயிலை நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், ஒவ்வொரு காரணமும் பிஸ்டனில் தனக்கே உரிய அடையாளத்தை விட்டுச் செல்கிறது.

முதலாவது, எண்ணெய்க் குறைவு. எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றிவிட்டால், பிஸ்டனைச் சுற்றிலும் ஆழமான கீறல்கள் விழும். வெளிவாயில் பக்கம் அவை இன்னும் கடுமையாக இருக்கும். பிஸ்டனின் அலுமினியம் இழுபட்டு, சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ளும். சில வேளைகளில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிடும். கணக்குப் பிழையும் இதே நிலைக்கு இட்டுச் செல்லக்கூடும். 50க்கு 1 என்ற விகிதம் வேண்டும் இயந்திரத்துக்கு, ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லிலிட்டர் எண்ணெய் போதும். 25க்கு 1 என்ற விகிதம் வேண்டும் இயந்திரத்துக்கு 40 மில்லிலிட்டர் தேவை. இரண்டாவது இயந்திரத்தில் முதல் கலவையை ஊற்றினால், அதற்குக் கிடைப்பது தேவையான எண்ணெயில் பாதிதான்.

இரண்டாவது, மிகை வெப்பம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் இயல்புடையது. அளவுக்கு மீறிய சூட்டில் பிஸ்டன் விரிந்து, தனக்கிருந்த சிறு இடைவெளியையும் இழந்துவிடும். எரிந்த புகை வெளியேறும் வெளிவாயில் பக்கமே மிகவும் சூடானது. ஆதலால், கீறல்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே காணப்படும். சிலிண்டரின் தகடுகளுக்கிடையே புல்துகள் அடைத்துக்கொண்டால் இந்நிலை ஏற்படலாம். கார்புரேட்டரில் அடைப்பு உண்டாகி, பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் சென்றாலும் இது நேரும். இருவீச்சு எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால், அதனோடு வரும் எண்ணெயும் குறைந்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, தூசு. இது ஆரவாரமின்றி அழிக்கும் எதிரி. காற்று வடிகட்டி கிழிந்திருந்தாலோ சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ, நுண்ணிய மணல்துகள்கள் கலவையோடு உள்ளே நுழையும். எண்ணெயோடு சேர்ந்த மணல், உப்புத்தாளைப் போல் உலோகத்தைத் தேய்க்கும். தூசு நுழையும் உள்வாயில் பக்கத்தில் பிஸ்டன் பளபளப்பை இழந்து, மங்கிய சாம்பல் நிறமாகும். புதிய பிஸ்டனின் மேற்பரப்பில் தெரியும் மெல்லிய கடைசல் வரிகள் அங்கு அழிந்துபோயிருக்கும். வளையங்களும் மெலிந்துவிடும். இங்கு ஆழமான கீறல்களைக் காண முடியாது. எஞ்சின் திடீரென்று இறுகி நிற்பதும் இல்லை. அது நாளுக்கு நாள் வலுவிழந்துகொண்டே போகும்.

நான்காவது, கரி. தரமற்ற எண்ணெய், அளவுக்கு மிஞ்சிய எண்ணெய், எஞ்சினை நீண்ட நேரம் மெதுவாகவே ஓட விடுதல் ஆகியவற்றால் கருமையான கரி படியும். வளையம் அமரும் பள்ளத்தில் கரி இறுகினால், வளையம் அசைய முடியாமல் ஒட்டிக்கொள்ளும். வெளிவாயிலில் படிந்த கரி பெயர்ந்து இடையில் சிக்கினால், அந்தப் பக்கத்தில் கீறல் விழும். எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று சிலர் நினைப்பது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

கண் கண்டதை அளவு உறுதி செய்யும்

கண்ணால் கண்டது ஊகம்; கருவியால் அளந்தது சான்று. நுண்ணளவி கொண்டு பிஸ்டனின் விட்டத்தை அளப்பார்கள். சிலிண்டரின் உள்விட்டத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளிலும் அளப்பார்கள். மேலும் கீழும் வேறுபட்டால், சிலிண்டர் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது. இரு திசைகளிலும் வேறுபட்டால், வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது.

வளையத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வளையத்தை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் மெல்லத் தள்ளிச் சாயாமல் நேராக நிறுத்த வேண்டும். வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள சந்தில், பல தடிப்புகளில் உள்ள அளவுத்தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்க வேண்டும். வளையம் தேயத் தேய அந்தச் சந்து அகன்றுகொண்டே போகும். கையேடு கூறும் எல்லையைக் கடந்துவிட்டால், வளையம் தன் ஆயுளை முடித்துக்கொண்டது என்று பொருள்.

எதைச் சரிசெய்வது? எதை மாற்றுவது?

வளையம் மட்டும் தேய்ந்து, பிஸ்டனும் சிலிண்டரும் அளவுக்குள் இருந்தால், வளையத்தை மாற்றினாலே போதும். பிஸ்டனில் ஆழமான கீறல்கள் இருந்தால், பிஸ்டனையும் மாற்ற வேண்டும். சிலிண்டரைப் பற்றி முடிவு செய்வதற்குத்தான் கூடுதல் கவனம் தேவை.

சிலிண்டர்களில் இரு வகையை இங்கு அறிந்துகொள்வோம். சிலவற்றின் உட்சுவர் வார்ப்பிரும்பால் ஆனது. அது தேய்ந்தால், கடைசல் பட்டறையில் உட்புறத்தைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்பப் பெரிய அளவிலான பிஸ்டனைப் பொருத்தலாம். இத்தகைய பிஸ்டன்கள் வழக்கமான அளவைவிட 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடுதலான விட்டத்தில் விற்கப்படுவதுண்டு. ஆனால், புல்வெட்டும் இயந்திரங்கள் பலவற்றின் சிலிண்டர் அலுமினியத்தால் ஆனது. அதன் உட்சுவரில் குரோமியம் அல்லது நிக்கல் கலந்த மிகக் கடினமான மேற்பூச்சு இருக்கும். இதைக் கடையக் கூடாது. கடைந்தால் பூச்சு போய்விடும். மென்மையான அலுமினியம் வெளிப்பட்டுவிடும்.

பூச்சுள்ள சிலிண்டரில் கோடுகள் தெரிந்தால், அவை உண்மையில் கீறல்கள்தாமா என்று பார்க்க வேண்டும். பல வேளைகளில், பிஸ்டனிலிருந்து வந்து அப்பிக்கொண்ட அலுமினியமே கோடுகளாகத் தெரியும். மிக மெல்லிய உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தால், அது நீங்கி, அடியிலுள்ள பூச்சு பழுதின்றி வெளிப்படலாம். அதன் பிறகு, விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் சிக்கினால் கீறல் ஆழமானது. பூச்சும் உரிந்திருந்தால், பெரும்பாலும் சிலிண்டரையே மாற்ற வேண்டியிருக்கும். நகம் வழுக்கிச் சென்றால், தூக்கி எறியவிருந்த சிலிண்டர் ஒன்று காப்பாற்றப்பட்டது!

மீண்டும் பொருத்தும்போது, சிறு கவனக்குறைவும் பெருஞ்சேதத்தில் முடியும். பிஸ்டனின் தலையில் அம்புக்குறி இருந்தால், அது பெரும்பாலும் வெளிவாயிலை நோக்கி இருக்க வேண்டும். வளையத்தின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சிறு முளையில் பொருந்த வேண்டும்; இல்லாவிட்டால் முனை வாயிலில் சிக்கி ஒடிந்துவிடும். பிஸ்டன் நழுவாமல் பிடித்திருக்கும் பூட்டுவளையங்களைக் கழற்றிய பின் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. புதியவற்றையே இட வேண்டும். வேலை நடக்கும்போது கிராங்க் அறையின் வாயைத் தூய துணியால் மூடி வைக்க வேண்டும். அதனுள் விழும் ஒரு சிறு கம்பித்துண்டு, புதிய எஞ்சினையும் ஒரு நொடியில் கெடுத்துவிடும். பொருத்துவதற்கு முன் பிஸ்டனுக்கும் சுவருக்கும் எண்ணெய் தடவ வேண்டும். திருகாணிகளைச் சமமாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். புதிய வளையங்கள் சுவரோடு இயைந்து படியும்வரை, எஞ்சினை முழு வேகத்தில் தொடர்ந்து ஓட விடக் கூடாது.

பாதுகாப்பையும் மறவாதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே கை வைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகவே, காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அண்டாத வகையில் வேலை செய்ய வேண்டும். கற்றுக்கொள்ளும் நிலையில் உள்ளவர்கள், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே இதில் ஈடுபட வேண்டும்.

கேள்விக்குக் கிடைத்த விடை

இனி, தொடக்கத்தில் பார்த்த பட்டறைக்குத் திரும்புவோம். மூத்த மெக்கானிக், சில வாரங்களுக்கு முன் பொருத்தப்பட்ட பிஸ்டனை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிவாயில் பக்கத்தில் கீறல் இல்லை. எனவே, எண்ணெய்க் குறைவோ மிகை வெப்பமோ காரணமில்லை. வளையங்கள் பள்ளத்தில் தாராளமாக அசைந்தன. ஆகவே, கரியும் காரணமில்லை. உள்வாயில் பக்கம் மட்டும் மங்கிய சாம்பல் நிறமாக இருந்தது. கடைசல் வரிகள் அழிந்துபோயிருந்தன.

அவர் அடுத்துத் திறந்தது காற்று வடிகட்டியின் மூடியை. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே இருந்த பஞ்சு இறுகி, ஓரத்தில் நொறுங்கிப் போயிருந்தது. அதன் அருகில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அந்தச் சந்தின் வழியே, தோட்டத்துச் செம்மண் சாலையின் தூசு நாள்தோறும் எஞ்சினுக்குள் சென்றுகொண்டிருந்தது. பழைய பிஸ்டனைத் தேய்த்த அதே தூசுதான் புதிய பிஸ்டனையும் தேய்த்தது.

பிஸ்டன் போலியானதன்று. முதல் பட்டறையினர் அவரை ஏமாற்றவும் இல்லை. தேய்ந்த பொருளை மாற்றிய அவர்கள், அதைத் தேய்த்த காரணத்தைத் தேடவில்லை, அவ்வளவுதான். பிஸ்டனின் விலையோடு ஒப்பிட்டால் மிக எளிய விலையுள்ள ஒரு வடிகட்டியை அன்றே மாற்றியிருந்தால், இரண்டாவது செலவும் வேலையின்றிக் கழிந்த நாள்களும் அவருக்கு மிஞ்சியிருக்கும். ஒருவர்மேல் வீண்பழியும் விழுந்திருக்காது.

நோயை மட்டுமன்றி, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். இயந்திரத்துக்கும் அந்த அறிவுரை பொருந்தும். இயந்திரம் பழுதானால், எந்தப் பாகம் கெட்டது என்பதோடு நின்றுவிடாமல், ஏன் கெட்டது என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவரே உண்மையான மெக்கானிக்.

அன்று மாலை, புதிய வளையங்களும் பிஸ்டனும் வடிகட்டியும் பொருத்தப்பட்ட இயந்திரத்தை அவர் முதுகில் ஏற்றிக்கொண்டார். புறப்படும் முன், மங்கிப்போன பழைய பிஸ்டனைத் தமக்குத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் வேலையைத் தொடங்குவதற்கு முன், அவர் முதலில் திறந்து பார்ப்பது காற்று வடிகட்டியின் மூடியைத்தான்.